வெந்தயத்தாரும் எங்கள் ஈரல்களும்

இரண்டாம் மாடியில் உட்கார்ந்துகொண்டே, கீழ்வாசலில் நுழைகிற ஆள் யாரென்று மூக்கால் சொல்லக்கூடியவர்கள் கண்டி நகரத்தில் எங்கள் காப்புறுதிக் கம்பனிக் கந்தோரில் வேலை செய்கிறவர்கள் மட்டும்தான். அந்தத் திறமையை எங்களுக்குத் தந்தவர் வெந்தயத்தார். தன் ஈரலை அவரைப் போல் நேசித்த மனிதர் இந்த மலைநாட்டில் இதற்கு முன் இருந்ததில்லை. இனி ஒருவர் வந்தாலும் அவருக்கு வாடகைக்கு அறை கிடைக்காது.

யாழ்ப்பாணத்துக்காரர். மாற்றலாகி எங்கள் கிளைக்கு வந்தபோது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். மனைவியும் மகளும் ஊரில். இவர் அனிவத்தை மலையில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தார். வாகன விபத்துக் கோரிக்கைகளைப் பார்ப்பது அவர் வேலை. எனக்குப் பக்கத்து மேசை. நசுங்கிய லொறியின் படத்தைக் காட்டினால் போதும், டிரைவர் தூங்கினாரா, பிரேக் பிடிக்கவில்லையா என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். பெரும்பாலும் பிழையாகத்தான் இருக்கும். ஆனால் அவர் சொல்கிற உறுதியைக் கேட்டு லொறி டிரைவரே, "அப்படித்தான் போல" என்று தலையாட்டிக்கொண்டு போவார்.

வந்த புதிதில் அவருக்குப் பட்டப்பெயர் கிடையாது. வாய் நிறைய ரோல்ஸ்தான் இருந்தது. காலையில் மீன் ரோல்ஸ், பத்து மணித் தேநீரோடு முட்டை ரோல்ஸ், பின்னேரம் ஆட்டிறைச்சி ரோல்ஸ். இரவுக்குக் கொத்து ரொட்டி. "வயித்துக்கு வஞ்சகம் செய்யக்கூடாது ஐசே" என்பார். வயிறும் அவருக்கு வஞ்சகம் செய்யவில்லை. மேசைக்கு அந்தப் பக்கமிருந்து எழுந்து முன்னால் வந்து, எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த வருடம் கந்தோரில் எல்லோரும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்தது. தெரு மூலையில் ஒரு டொக்டரம்மாவின் கிளினிக். ஒவ்வொருவராகப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். அறிக்கை வாங்கப் போன இவர் திரும்பி வந்து, மேசையில் இருந்த ரோல்ஸை ஒரு பார்வை பார்த்தார். உறவினர் என்று நம்பியிருந்தவர் எதிரியின் ஆள் என்று தெரிந்துகொண்ட பார்வை.

"ஐசே, எனக்கு ஈரலிலை கொழுப்பாம்."

"அண்ணே, அது நெறைய பேருக்கு இருக்கு. பயப்படாதீங்க."

"கொலஸ்ரோலும் கூடவாம். மூண்டு மாதம் சாப்பாட்டைக் குறைச்சுப் பாக்கட்டாம். இறங்காட்டில் குளிசை தொடங்கவேணுமாம். நான் குளிசை போடுற ஆளோ? நீரே சொல்லும்!"

"மருந்துதானே அண்ணே, போட்டா என்ன?"

"குளிசை எண்டுறது கலியாணம் மாதிரி ஐசே. தொடங்கினால் விடேலாது."

டொக்டரம்மா தினமும் நடக்கவும் சொல்லியிருந்தார். அதை மட்டும் இவர் எங்களிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை ரோல்ஸ் வரவில்லை. ஒரு பெரிய ஜேம் போத்தல் வந்தது. உள்ளே தண்ணீரில் ஊறிப் பெருத்த வெந்தயம், தவளை முட்டை போல வழவழவென்று மிதந்தது. கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, ஒரு கரண்டி வெந்தயத்தை மேலே தூக்கிப் பிடித்தார். அது கீழே விழாமல் நூலாகத் தொங்கியது.

"பாத்தீரோ? இந்தப் பசைதான் விஷயம்!"

காசாளர் ரோஸ்மேரி மிஸ் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தவர், மறுபடி மூடி வைத்தார்.

"இஞ்ச பாரும். ஈரல் எண்டுறது எங்கட ஹெட் ஒஃபிஸ். அது பித்தம் எண்டு ஒரு கிளார்க்கைச் செய்து குடலுக்கு அனுப்புது. கொழுப்பைக் கரைக்கிறதுதான் அந்த ஆளின்ரை வேலை. வேலை முடிஞ்சதும் ஆள் திரும்ப ஹெட் ஒஃபிசுக்கு வந்து கதிரையிலை குந்திடுவார். அதே ஆள், அதே கதிரை. விளங்குதோ?"

"விளங்குது அண்ணே."

"இப்ப நான் வெந்தயத்தை அனுப்புறன். இந்த நார்ப்பசை போய் அந்தக் கிளார்க்கைக் குடலுக்குள்ளேயே கட்டிப் பிடிக்குது. ஆள் பின்கதவாலை வெளியிலை! இஞ்சால ஹெட் ஒஃபிசிலை கதிரை காலி. என்ன செய்வினம்? புது ஆள் எடுக்கவேணும். புது ஆளைச் செய்ய என்ன வேணும்? கொலஸ்ரோல்! ரத்தத்திலை சும்மா திரியிற கொலஸ்ரோலை எல்லாம் பிடிச்சு உள்ள இழுப்பினம். ரத்தம் துப்புரவு. ஈரலுக்கும் பாரம் குறைவு."

ரோஸ்மேரி மிஸ் கேட்டார்: "அப்ப அந்தப் பழைய கிளார்க்குக்கு பென்ஷன் கூட இல்லையா?"

நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. கரண்டியை வாயில் போட்டு, கண்ணை மூடி, மென்று விழுங்கினார். அன்றைக்கு ரோஸ்மேரி மிஸ் வைத்த பெயர்தான் வெந்தயத்தார். பிறகு அவருடைய சொந்தப் பெயர் சம்பளத் தாளில் மட்டும் உயிரோடு இருந்தது.

வெந்தயத்தில் ஒரு குணம் உண்டு. உள்ளே போவது வாய் வழியாக. வெளியே வருவது தோல் வழியாக. நாலைந்து நாளில் அது தெரிந்தது. அவர் வியர்த்தால் கந்தோரில் யாரோ குழம்பு தாளிப்பது போல் இருந்தது. ஆட்டோவுக்குக் காப்புறுதி போட வந்த ஒருவர், படிவத்தை நிரப்பிவிட்டு மெதுவாகக் கேட்டார்: "பின்னால சாப்பாட்டுக் கடையும் நடத்துறீங்களா? ஒரு பார்சல் கிடைக்குமா?"

எங்கள் மெனேஜர் பாயிஸ் சேர் அக்குறணைக்காரர். நல்ல மனிதர், நல்ல சாப்பாட்டுக்காரர், பல வருடமாகச் சீனி வியாதிக்காரர். நறுமணம் அடிக்கிற டப்பா ஒன்று வாங்கிவந்து சுவரில் மாட்டினார். மேல்நாட்டுப் பூவின் வாசம். இரண்டும் சேர்ந்ததும் பூந்தோட்டத்தில் யாரோ மீன்குழம்பு வைத்தது போலாகிவிட்டது. டப்பாவைத் தானே கழற்றிக்கொண்டு போனார்.

அனிவத்தை பஸ்ஸில் நிலைமை இன்னும் மோசம். கொட்டுகிற மழையில் சனம் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு நனைந்தது. ஒருநாள் கொண்டக்டர் அவருடைய பையை எட்டிப் பார்த்து, "மஹத்தயா, கறிச்சட்டி கொண்டுபோறீங்களா? மூடி கழண்டிருக்கு போல" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டார். பஸ் முழுதும் சிரித்ததாம். அடுத்த நாளிலிருந்து வெந்தயத்தார் பஸ் ஏறவில்லை.

"ஏன் அண்ணே நடந்து போறீங்க? அந்த மேட்டுல?"

"பஸ்ஸிலை காத்தோட்டம் காணாது ஐசே" என்றார், எங்கோ பார்த்துக்கொண்டு.

அவர் நிறுத்தியது பஸ்ஸை மட்டும்தான், பிரச்சாரத்தை இல்லை. கந்தோர் வாட்ஸ்அப் குழுவில் விடிந்ததும் "ஈரல் வணக்கம்" வரும். வணக்கத்துக்குக் கீழே ஒரு கேள்வி: "இன்று உங்கள் குடலுக்கு நார் அனுப்பிவிட்டீர்களா?" யாராவது கட்லட் வாங்கினால் பக்கத்தில் வந்து நிற்பார். ஒரு சொல் பேசமாட்டார். நிற்பார். அந்த நிலையில் கட்லட் தொண்டையில் இறங்காது. எங்கள் தெருமுனைக் கடைக்காரர் ஒருநாள் என்னிடம், "ஒங்க கந்தோர்ல யாரும் செத்துட்டாங்களா? ரோல்ஸ் போகவே மாட்டேங்குதே" என்று விசாரித்தார்.

பாயிஸ் சேரின் மகளுக்குக் கலியாணம் வந்தது. அக்குறணையில் பெரிய விருந்து. கந்தோர் முழுக்கப் போனோம். வட்டமான பெரிய சஹன் தட்டில் நெய்ச்சோறு, அதன் மேல் ஆட்டிறைச்சியும் கோழியும், சுற்றி உட்கார்ந்து எல்லோரும் ஒரே தட்டில் சாப்பிட வேண்டும். எங்கள் சஹனில் நான், வெந்தயத்தார், மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் சிலர். அவர்களில் மூத்தவர் மாப்பிள்ளையின் பெரிய மாமா, வெள்ளைத் தொப்பியும் அத்தர் வாசமுமாக மலை போல் உட்கார்ந்திருந்தார்.

மூடியைத் திறந்தார்கள். நெய்யும் ஏலக்காயும் எழும்பி முகத்தில் அடித்தன. நான் வெந்தயத்தாரைப் பார்த்தேன். அவர் முகத்தில் பெரிய போராட்டம் நடந்தது. ஒரு காலத்தில் ரோல்ஸ் தின்ற மனிதர் அல்லவா. பிறகு போராட்டம் முடிந்தது. சட்டைப் பையிலிருந்து சின்னப் போத்தல் ஒன்று வெளியே வந்தது. நான் "அண்ணே, வேணாம்!" என்று கையைப் பிடிக்கப் போவதற்குள், வறுத்து அரைத்த வெந்தயத் தூளை சஹன் முழுவதும், விபூதி தூவுவது போல், பக்தியோடு தூவிவிட்டார்.

"சாப்பிடுங்கோ" என்றார். "இனிப் பயமில்லை. கொழுப்பு ஒட்டாது."

பெரிய மாமா ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தார். மெல்லுவது நின்றது. கண் மட்டும் மெதுவாக எங்கள் பக்கம் திரும்பியது.

"மகன், இது என்னா? சோத்துல மருந்து ஈக்குது!"

கலியாண வீட்டில் மருந்து என்ற சொல் போகிற வேகத்தில் வேறெதுவும் போகாது. மாப்பிள்ளைச் சோற்றில் மருந்து வைத்தார்களாம் என்று பெண்கள் பக்கத்தில் கதை வந்தபோது, பாயிஸ் சேர் வியர்க்க விறுவிறுக்க எங்களிடம் ஓடிவந்தார். நடந்ததை நான் சொன்னேன். வெந்தயத்தார் எழுந்து நின்று பெரிய மாமாவுக்கு ஹெட் ஒஃபிஸ், கிளார்க், பின்கதவு எல்லாவற்றையும் விளக்கத் தொடங்கினார். பெரிய மாமா முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப இன்னங் கொஞ்சம் எறைச்சி திண்ணலாமா?" என்று கேட்டார். எங்கள் சஹனுக்கு மட்டும் இரண்டாம் தடவை இறைச்சி வந்தது.

திங்கட்கிழமை பாயிஸ் சேர் வாயால் ஓர் உத்தரவு போட்டார்: கந்தோருக்குள் வெந்தயம் வரக்கூடாது. போத்தல், தூள், பேச்சு, மூன்றும். சில நாள் கழித்து வெந்தயத்தாரைத் தன் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். வேலை போய்விட்டது என்று நாங்கள் முடிவு கட்டினோம். ரோஸ்மேரி மிஸ் சிலுவை போட்டுக்கொண்டார். கதவு திறந்தபோது வெந்தயத்தார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தார். காரணம் பிறகுதான் தெரிந்தது. சேருக்கும் கொலஸ்ட்ரோல் கூடியிருந்தது. "அந்தச் சாமான எப்படிக் குடிக்கிற?" என்று கேட்கத்தான் அழைத்திருக்கிறார். அந்த வாரம் முடிவதற்குள் உத்தரவு மறந்துபோய், மெனேஜர் அறையிலும் குழம்பு தாளித்தது.

வினை அங்கேதான் பிடித்தது.

கொழும்பிலிருந்து பெரியவர்கள் வந்திருந்த காலைக் கூட்டம். பாயிஸ் சேர் எழுந்து பேசிக்கொண்டிருந்தார். நடுவில் அவர் குரல் குழறியது. கண்டிக் குளிரில் சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு, தேநீர் கொண்டுவந்த ரோஸ்மேரி மிஸ்ஸைப் பார்த்து, தன் தாயைக் கூப்பிடுவது போல "உம்மா" என்றார். ஒருவர் சிரித்தார். ரோஸ்மேரி மிஸ் சிரிக்கவில்லை. அவருடைய கணவருக்கும் சீனி வியாதி.

"சேருக்குச் சீனி எறங்கிருச்சு! புடிங்க!"

சரிந்தவரைத் தாங்கிப் பிடித்தோம். ரோஸ்மேரி மிஸ் தேநீர்க் கோப்பையில் கரண்டி கரண்டியாகச் சீனியைக் கொட்டிக் கலக்கி, "சேர், முழுங்குங்க, முழுங்குங்க" என்று வாயில் வைத்தார். வெந்தயத்தார் சுவரோடு ஒட்டி நின்றார். பிறகு திடீரென்று வந்து, எங்களையெல்லாம் விலக்கி, அந்தப் பெரிய மனிதரை ஒரு குழந்தையைப் போல முதுகில் தூக்கிக்கொண்டு இரண்டு மாடியும் இறங்கினார். மூலையில் இருந்த கிளினிக் வரைக்கும் இறக்கவே இல்லை.

டொக்டரம்மா ஊசி ஏற்றிக்கொண்டே, "காலையில என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டார். யாருக்கும் தெரியவில்லை.

"ஒண்டும் சாப்பிடேல்லை" என்றார் வெந்தயத்தார். "வெறுவயித்திலை வெந்தயத் தண்ணி மட்டும். நான்தான் குடுத்தனான். நான்தான் காலைச் சாப்பாட்டை விடச் சொன்னனான்."

"சீனிக் குளிசை?"

"அது போட்டிருப்பார் எண்டுதான் நினைக்கிறன். நான் கேக்கேல்லை. நான் அதைக் கேக்கவே இல்லை, டொக்டர்."

டொக்டரம்மா அவரை ஒருமுறை பார்த்தார். "வெந்தயம் விஷமில்லை. ஆனா அதுவும் சீனியைக் கொறைக்கும். குளிசையும் போட்டு, சாப்பாட்டையும் விட்டு, மேல இதையும் ஊத்தினா ஒடம்பு என்ன செய்யும்? ஒவ்வொருத்தர் ஒடம்பும் ஒவ்வொரு மாதிரி. மருந்து குடிக்கிற ஆள் எதைப் புதுசா தொடங்கினாலும் மொதல்ல என்கிட்ட சொல்லணும். ஒங்ககிட்ட இல்ல."

அப்போது கட்டிலில் இருந்து பாயிஸ் சேரின் குரல் மெல்ல வந்தது. "அவர ஏசாதீங்க டொக்டர். அவர் எனக்கு நல்லதுக்குத்தான் தந்த."

வெந்தயத்தார் வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அவருக்கு இப்பதான் ஐசே மகளைக் கட்டிக் குடுத்தது" என்றார்.

சேர் இரண்டு நாளில் வேலைக்கு வந்துவிட்டார். கந்தோர் மட்டும் சரியாகவில்லை. ஜேம் போத்தல் இல்லை, ஈரல் வணக்கம் இல்லை. கட்லட் வாங்கினால் யாரும் பக்கத்தில் வந்து நிற்பதில்லை. நிம்மதியாகத் தின்னலாம். ஆனால் அந்த நிம்மதியில் உப்பில்லை. ரோஸ்மேரி மிஸ்தான் தாங்கமாட்டாமல் சொன்னார்: "ஏதாவது பேசுங்களேன் அண்ணா. நாத்தம் வந்தாலும் பரவாயில்ல."

வெந்தயத்தாரின் மறுபரிசோதனை நாள் வந்தது. தனியாகப் போகப் பயந்து என்னையும் கூட்டிப்போனார். டொக்டரம்மா அறிக்கையைப் பார்த்தார். பழையதை எடுத்துப் பக்கத்தில் வைத்து இன்னொருமுறை பார்த்தார்.

"கொலஸ்ட்ரோல் நல்லா எறங்கியிருக்கு. ஈரலும் முன்னைக்கு எவ்வளவோ மேல். குளிசை இப்ப வேணாம். என்ன செஞ்சீங்க?"

வாடிக் கிடந்த மனிதர் கதிரையில் நிமிர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

"வெந்தயம்!"

"வேற?"

"வேற ஒண்டும் இல்லை."

நான் குறுக்கே வந்தேன். "ரோல்ஸ், கொத்து எல்லாத்தையும் விட்டுட்டார் டொக்டர். தெனமும் அனிவத்தை மேட்டுல நடந்துதான் போறார், வாறார்."

"பார்த்தீங்களா! நடக்கச் சொன்னதைக் கேட்டிருக்கீங்க."

வெந்தயத்தார் நெளிந்தார். பொய் சொல்ல அவருக்கு வராது. "நீங்கள் சொன்னதுக்காண்டி நடக்கேல்லை. பஸ்ஸிலை... நான் மணக்கிறனெண்டு சனம் சிரிக்குது. அதாலை நடக்கிறன்."

டொக்டரம்மா பேனாவை வைத்தார். அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். "அப்படின்னா வெந்தயம் உள்ள இருந்து செஞ்ச வேலை கொஞ்சந்தான். வெளிய வந்து மணத்து, ஒங்களை நடக்க வச்சுத்தான் பெரிய வேலையைச் செஞ்சிருக்கு."

"எங்கை நிண்டு செய்தாலும் செய்தது வெந்தயம்தானே டொக்டர்!" என்றார் அவர்.

அன்று பின்னேரமே ஜேம் போத்தல் திரும்பி வந்தது. கந்தோரே கைதட்டியது. ஒரே ஒரு மாற்றம்: அதன் பிறகு யாராவது அவரிடம் வெந்தயம் கேட்டால், "என்ன குளிசை போடுறீர்? டொக்டரிட்டைக் கேட்டனீரோ?" என்று பொலிஸ்காரர் போல் விசாரித்தார். திருப்தியாகப் பதில் சொன்னவர்கள் மிகச் சிலர். பாயிஸ் சேர் டொக்டரம்மாவிடம் கேட்டு, காலைச் சாப்பாட்டோடு, அளவாக, வெந்தயத்தார் கையாலேயே வாங்கிக் குடித்தார்.

போன வருடம் அவருக்கு ஊருக்கு மாற்றல் கிடைத்தது. மனைவி மகளோடு இருக்கப் போகிறார் என்று எங்களுக்கெல்லாம் சந்தோஷம். சந்தோஷத்தோடு பஸ் நிலையம் வரை போனோம், சந்தோஷமில்லாமல் திரும்பி வந்தோம். பாயிஸ் சேர் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றதில் பஸ்ஸே கொஞ்சம் பிந்தித்தான் கிளம்பியது.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்குப் போன் வரும். என் வீட்டாரைப் பற்றிக் கேட்கமாட்டார், மழையைப் பற்றிக் கேட்கமாட்டார். எடுத்த எடுப்பில், "ஐசே, உம்மட ஈரல் சுகமோ?" என்பார். உறவுக்காரர், கூடப் படித்தவர் என்று எத்தனையோ பேர் என்னை நலம் விசாரிக்கிறார்கள். இவ்வளவு உள்ளே வந்து விசாரிப்பவர் ஒருவர்தான்.

"சுகம் அண்ணே. நீங்க சுகமா?" என்று கேட்பேன்.

மறுமுனையில் ஜேம் போத்தலில் கரண்டி தட்டுகிற சத்தம்தான் முதலில் கேட்கும். தன்னையும் ஒருவர் கேட்பார் என்பதற்கு அவர் இன்னும் பழகவில்லை. ஆகையால் பதில் வரும்வரை நான் போனைக் காதிலிருந்து எடுப்பதில்லை.